ஊர்ப் பேர் கொண்ட தொப்பி

நம்ம வயசுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். காதோரம் நரைத்ததை மருதாணி போட்டு மறைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே வீடு முழுக்கத் தேடுகிற நமக்கு. பிள்ளைகளிடம் சொன்னால், "தொப்பிதானேம்மா, ஆர்டர் போட்டா நாளைக்கு வந்துடும்" என்பார்கள். உண்மைதான், இப்போது வந்துவிடும். அன்றைக்கு ஒரு தொப்பியின் பெயரைத் தெரிந்துகொள்வதற்கே நாங்கள் கடை கடையாக அலைந்தோம்.

எனக்குப் பன்னிரண்டு வயசு. தொண்ணூற்று நாலோ ஐந்தோ, அதற்கு மேல் துல்லியம் கேட்காதீர்கள். கவரைப்பேட்டையில் ரயிலடிக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே ஒரு லைன் வீட்டில் இருந்தோம். ஆறு குடித்தனம். பக்கத்து வீட்டில் தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து 'ஆயுசு நூறு' சொல்லலாம், சுவர் அவ்வளவு தடிமன். விடிந்தால் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும். கொடியில் போட்ட வெள்ளைச் சட்டை சாயங்காலத்துக்குள் இரும்பு உருக்கும் ஃபர்னஸ் புகை படிந்து பழுப்பாகும். அதைப் பார்த்து முதலில் திட்டுகிறவள் என் அம்மா.

அம்மா சின்ன வயசில் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவள். எனக்கு நினைவு தெரிந்தபோது கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அத்தனை வருஷம் சேற்றில் நின்றதற்கெல்லாம் பழி வாங்குவது போல வீட்டைக் கழுவிக்கொண்டே இருப்பாள். சும்மா உட்கார்ந்திருந்தால் என்னையும் பிடித்துத் தேய்ப்பாள். நைனா வேறொரு கம்பெனியில் லேத் மெஷினில் இரும்பைக் கடைகிற டர்னர். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா உலகத்தை சோப்பால் பார்த்தாள் என்றால் அவர் மில்லிமீட்டரால் பார்த்தார். தோசை ஒரு பக்கம் கோணிக்கொண்டால் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார்.

பக்கத்து வீட்டில் பாயம்மா. பழவேற்காட்டுக் குடும்பம். அவர் வீட்டுக்காரர், நாங்கள் பாய் என்று கூப்பிடுகிறவர், மெயின் ரோட்டில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தார். நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவார், அதில் எட்டு கடையில் செலவாகிவிடும். அவர்களுக்கு ஒரே மகள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர்கள் வீட்டில் இறால் ஆக்கினால் எங்கள் வீட்டில் அன்றைக்குக் குழம்பு கிடையாது. எங்கள் பொங்கல் அவர்கள் அடுப்பில் சூடாகும். அந்த ஐப்பசியில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எஸ்டிடி பூத் வைத்திருந்தார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் காலை, பாயம்மா வட்டமான தகர டப்பா ஒன்றை முந்தானைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே பாய்.

"தங்கச்சி, பழவேற்காடு போய் சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லிட்டு வரணும். பத்து நாள் ஆவும். எங்க ஊடு ஒழுவுது, தெரியும் இல்ல? உங்க ஊடுதான் தளம் போட்டது. இத மட்டும் உங்ககிட்ட வச்சிக்க."

"இன்னா பாயம்மா இது?"

பாயம்மா மூடியைத் திறந்தார். அத்தரும் அந்துருண்டையும் கலந்த ஒரு வாசனை வந்தது. உள்ளே பழுத்த மாதுளை நிறத்தில் ஒரு தொப்பி. உயரமாக, மேலே தட்டையாக, உச்சியிலிருந்து கறுப்புப் பட்டுக் குஞ்சம் ஒன்று தொங்கியது.

"துருக்கித் தொப்பி. எங்க வாப்பாவோட வாப்பா கொழும்புலேர்ந்து கொணாந்தாரு. எங்க ஊட்டுப் பொண்ணக் கட்டற மாப்ள யாரா இருந்தாலும் நிக்காஹ் அன்னிக்கி இதத்தான் போடணும். தோ, இவருகூட இதத்தான் போட்டாரு."

பாய் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

அம்மா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர்கள் போனதும் டப்பாவைப் பரணில் வைக்க மனசு வராமல் சாமி படங்கள் இருந்த பலகையிலேயே ஓர் ஓரமாக வைத்தாள்.

"இன்னாமே, வெள்ளிக்கெழம அதுக்கும் கற்பூரம் காட்டுவியா?" என்றார் நைனா.

"சும்மா கெடய்யா. அது அவுங்க சாமி பொருளு."

அவளுக்கு யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவளாகவே நினைத்துக்கொண்டாள். இப்போது யோசித்தால் இதுதான் எனக்கு வேடிக்கையாகவும் வருத்தமாகவும் இருக்கிறது. வருஷக்கணக்காக ஒருவர் சோற்றை ஒருவர் சாப்பிட்டவர்கள், ஒருவர் வீட்டில் எது சாமி, எது சாமான் என்று ஒருவரை ஒருவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று இருந்துவிட்டார்கள்.

இனி என் திருவிளையாடல். மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். வீட்டில் யாரும் இல்லை. நாற்காலி போட்டு ஏறி டப்பாவை இறக்கினேன். தொப்பியைத் தலையில் வைத்தேன். கண்ணாடிக்கு முன்னால் ராஜாவாக நின்றேன், இன்ஸ்பெக்டராக நின்றேன், தலையை ஆட்டிக் குஞ்சத்தைச் சுற்றவிட்டேன். என் தலையில் அன்றைக்கு வழிய வழியத் தேங்காய் எண்ணெய். கழற்றிப் பார்த்தபோது உள்ளே சுற்றிவரத் தைத்திருந்த தோல் பட்டை கறுத்திருந்தது. வெளியே சிவப்பில் என் விரல்கள் ஐந்தும் எண்ணெயாகப் பதிந்திருந்தன. ஈரத்துணியால் துடைத்தேன், கறை பரவியது. எண்ணெயை உறிஞ்சட்டும் என்று முகத்துக்குப் போடும் பவுடரைக் கொட்டினேன், மாதுளைப் பழத்துக்குத் தேமல் வந்தது போல் ஆனது. மூடி வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் தாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை வாய் சும்மா இருக்கவில்லை.

"அம்மா, அந்தத் தொப்பி ரொம்ப அழுக்கா கீதும்மா."

அந்த ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. திறந்து பார்த்தாள். எண்ணெயும் பவுடரும் பழைய அழுக்கு என்றே நினைத்தாள். "ஐயய்யோ, சாமி பொருள இப்டியா வச்சிக்கினு இருந்தாங்க? பாயம்மாவுக்குக் கல்யாண வேல, பாவம். நாம சுத்தம் பண்ணிக் குடுத்துடலாம்" என்றாள். வெந்நீர் கொதித்தது. சலவைச் சோடா விழுந்தது. தொப்பியை முக்கி எடுத்து பிரஷ் போட்டுத் தேய்த்தாள். தண்ணீர் சிவப்பாக ஓடத் தொடங்கியதும் ஒரு நிமிஷம் கை நின்றது. பிறகு அழுக்குதான் போகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு இன்னும் கொஞ்சம் கொதிநீர் ஊற்றினாள். உருவம் கெடாமல் காய வேண்டும் என்று பித்தளைச் சொம்பு ஒன்றைக் கவிழ்த்து அதன் மேல் மாட்டி, அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தோம். தொப்பி சொம்பைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சொம்புக்கே அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. இழுத்தால் வரவில்லை. குஞ்சம் நனைந்த எலிவாலாக ஒட்டிக்கிடந்தது.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நம்பிக் குடுத்தாங்களே... நம்பிக் குடுத்தாங்களே..." இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். இனி பாயம்மா முகத்தில் எப்படி முழிப்பது, சாமி குத்தம் நம்மைச் சும்மா விடுமா, இந்த வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போய்விடலாம் என்றெல்லாம் பேசினாள். நான் சுவரோரம் ஒண்டிக்கொண்டிருந்தேன். நான் செய்ததைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் இந்த வயசில் உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

மறுநாள் அம்மா வேலைக்கு மட்டம் போட்டாள். மழைக்கு என் பள்ளிக்கூடமும் லீவு. அதே மாதிரி ஒன்று வாங்கி வைத்துவிடலாம் என்று லோக்கல் ட்ரெயின் பிடித்துக் கும்மிடிப்பூண்டி பஜாருக்குப் போனோம். துருக்கி என்று பாயம்மா சொன்னது அவசரத்தில் அவளுக்கு மறந்துபோயிருந்தது. எனக்கும் நினைவுக்கு வரவில்லை.

"செவப்பு குல்லா ஒண்ணு வேணும்."

முதல் கடைக்காரர் காதை மூடும் கம்பளிக் குரங்குக் குல்லாவை எடுத்துப் போட்டார். அடுத்த கடையில் பிறந்தநாளுக்குப் போடும் காகிதக் கூம்பு. மூன்றாவது கடையில் கிறிஸ்துமஸ் தாத்தா போடுகிற, வெள்ளை உருண்டை வைத்த சிவப்புக் குல்லா.

"இது இல்லண்ணா. நெட்டா நிக்கும். மேல தட்டையா இருக்கும். குஞ்சம் தொங்கும்."

"அதுக்குப் பேரு இன்னாம்மா? பேர் சொன்னாத்தானே எடுக்க முடியும்? பேஜாரு பண்றியே."

வரும்போது ட்ரெயினில் அம்மா ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தாள். "பேரு கூட தெரியாத பொருள வாங்கி வச்சிக்கினேன் பாரு" என்றாள். அப்போதுதான் பெயரையாவது நான் கண்டுபிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். செய்த பாவத்துக்கு எனக்குத் தெரிந்த பரிகாரம் அது ஒன்றுதான்.

அடுத்த நாள் சோசியல் சாரிடம் போய் நின்றேன். ரஃப் நோட்டில் படம் போட்டுக் காட்டினேன்.

"இதுவா? இதுக்கு ஃபெஸ்னு பேரு. துருக்கி நாட்டுல ஃபெஸ்னு ஒரு ஊரு. போ, போய் உட்காரு" என்றார்.

அதற்கடுத்த நாள் தடித்த புத்தகம் ஒன்றோடு வகுப்புக்கு வந்தவர், அட்டெண்டன்ஸ் எடுப்பதற்கு முன்பே என்னை எழுப்பினார். "நேத்து நான் சொன்னது தப்பு. ஃபெஸ் துருக்கியில இல்ல. மொராக்கோவுல இருக்கு. எல்லாரும் மேப் பாருங்க, ஆப்பிரிக்கா, இடது பக்கம் மேல் மூலை." ஐம்பது பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு வாத்தியார் 'நான் சொன்னது தப்பு' என்று சொன்னதை நான் அதற்கு முன்னும் பின்னும் அதிகம் கேட்டதில்லை.

அவர் சொன்னது இதுதான். அந்த ஊரில் இந்தத் தொப்பியை நிறையச் செய்தார்கள், அந்தச் சிவப்புச் சாயத்தை அங்கே விளைந்த ஒரு பழத்திலிருந்து எடுத்தார்கள் என்கிறார்கள். அதனால் ஊர்ப் பெயரே தொப்பிக்கு வந்தது. துருக்கிக்காரர்கள் அதை விரும்பிப் போட்டதால் நம்மூரில் துருக்கித் தொப்பி என்றார்கள். துருக்கி அரசாங்கமே பிற்பாடு அதைப் போடக்கூடாது என்று தடுத்துவிட்டது. "நாம ஆரணிப் பட்டு, திண்டுக்கல் பூட்டுன்னு சொல்றோம் இல்ல? பூட்டு எங்க போனாலும் திண்டுக்கல்ல கூடவே கூட்டிக்கினு போகுது. அந்த மாதிரி" என்றார். ஆட்டு ரோமத்தை நூற்காமல் நெய்யாமல், வெந்நீரும் சோப்பும் விட்டு அடித்து அடித்தே ஒரே துணியாக இறுகச் செய்வதற்குப் பெயர் ஃபெல்ட் என்றும் சொன்னார். என் அம்மா அதைத்தானே மறுபடியும் செய்திருக்கிறாள்.

பிற்பாடு காலேஜ் போனபோது நானே அகராதி புரட்டினேன். குல்லா பாரசீகத்திலிருந்து வந்த சொல்லாம். தொப்பி இந்தி பக்கத்திலிருந்து வந்ததாம். தலைப்பாகை கட்டிய ஊரில் தொப்பிக்கு வார்த்தை எங்கே இருக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது அந்தப் புத்தகத்தில் இருந்த ஒரு படம். ஒரு ஆள், அவர் முன்னால் மணி கவிழ்த்த மாதிரி செம்பு அச்சுகள் வரிசையாக. ஆவி பறக்கும் ஈரத் தொப்பியை ஓர் அச்சின் மேல் இழுத்து மாட்டிக்கொண்டிருந்தார். சாரிடம் கெஞ்சி ஒரு நாளைக்குப் புத்தகத்தை வாங்கி வந்தேன்.

அம்மா படத்தைப் பார்க்கவில்லை. பெயரைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டாள்.

"ஃபெஸ்ஸுன்னா அவுங்க சாமி பேரு இல்லியா?"

"இல்லம்மா. ஊரு பேரு."

"வெறும் ஊரு பேரா?"

"ஆமாம்மா. நம்ம கவரப்பேட்ட மாதிரி."

அம்மா பெரிய மூச்சாக விட்டாள். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாதவள் அன்றைக்குத் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "சாமி குத்தம் இல்லன்னா, இது நம்ம குத்தம்தான். நம்ம குத்தத்த நாமளே சரி பண்ணிடலாம்" என்றாள்.

நைனாவோ படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எழுந்து போய் சொம்பில் மாட்டியிருந்த தொப்பியை விரலால் அழுத்திப் பார்த்தார். "இது ஃபெல்ட்டுமே! எங்க மெஷின்ல ஆயில் தொடைக்கிறதுக்கு வைக்கிறோமே, அந்த ஃபெல்ட்டு. சுடுதண்ணி பட்டா சுருங்கும். ஈரத்துல ஆவி காட்டி இழுத்தா முக்காவாசி வந்துடும். மோல்டுதான் வேணும். மேல சின்னது, கீழ பெருசு, டேப்பரு. அத நான் கடைஞ்சிடுவேன்."

அம்மா முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்ப பாயம்மா வரதுக்குள்ள முடிச்சிடுய்யா. அவுங்களுக்குத் தெரியவே வேணாம்."

"அளவு?"

"இன்னா அளவு?"

"உள் சுத்தளவு. முன்ன எவ்ளோ இருந்திச்சி?"

யாருக்குத் தெரியும்? அம்மா கையை விரித்து இவ்வளவு இருக்கும் என்று காட்டினாள். என் தலைக்குத் தளர்வாக இருந்தது என்று எனக்குத் தெரியும், அதை எப்படிச் சொல்வது? நைனா தலையை ஆட்டினார்.

"கைய விரிச்சிக் காட்டினா மெஷின் கடையாது. அளவு இல்லாம நான் கை வைக்க மாட்டேன். போடப்போற தலைய அளந்துக்கினு வா."

"மாப்ள தலைய நான் எப்டிய்யா அளக்கறது? பாயம்மாவக் கேக்காம?"

"அப்ப பாயம்மாவக் கேளு."

அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. குத்துமதிப்பாக ஒன்றைக் கடைந்து கொடுத்தால் என்ன குறைந்துவிடும் இந்த மனுஷனுக்கு என்று நினைத்தேன். அவர் பிடித்த பிடி எங்கள் எல்லோரையும் காப்பாற்றியது என்று இப்போது சொல்கிறேன்.

இரண்டு நாள் கழித்துப் பாயம்மா குடும்பம் வந்து இறங்கியது. அம்மா சொம்போடு தொப்பியை முந்தானையால் மூடிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றாள். நானும் கூடவே.

"பாயம்மா, தப்பு நடந்துபோச்சி. அழுக்கா இருந்திச்சின்னு துவைச்சிட்டேன். சுருங்கிடுச்சி."

பாயம்மா சொம்பைப் பார்த்தார். சிரிப்பார் என்றோ திட்டுவார் என்றோ நினைத்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "எங்க வாப்பா கை பட்டது தங்கச்சி. அவர் போய்ட்டப்புறம் அவர் வாசன அதுலதான் இருந்திச்சி. அழுக்குன்னு உனுக்கு யாரு சொன்னது?"

"நான்தான் பாயம்மா." எனக்கே தெரியாமல் வந்துவிட்டது. "நான்தான் போட்டுப் பாத்தேன். எண்ணெ ஆயிடுச்சி. அம்மாவுக்குத் தெரியாது. பழசாவே அழுக்குன்னு பொய் சொல்லிட்டேன்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடித்திருந்தால் தேவலை. பாயம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றைக்கு முழுக்க அந்தப் பக்கத்துச் சுவரிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. தும்மல்கூட வரவில்லை.

மறுநாள் காலை நாஷ்டா நேரத்துக்கு அக்காதான் முதலில் வந்தாள். என் தலையில் லேசாகக் குட்டினாள். "நான் எத்தினி தபா திருட்டுத்தனமா போட்டுப் பாத்திருப்பேன் தெரியுமா? நான் தலைக்குத் துண்டு கட்டிக்கினு போடுவேன். உனக்கு மூள இல்ல" என்றாள். பின்னாலேயே பாயம்மா. கண் வீங்கியிருந்தது.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கறேன். துவைக்கணும்னு ஏன் தோணிச்சி உனக்கு? தொடச்சிட்டு வச்சிருக்கலாம் இல்ல?"

"உங்க சாமி பொருளாச்சே பாயம்மா. அழுக்கா திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு..."

பாயம்மா சாமி பலகையைப் பார்த்தார். முருகனுக்கும் லட்சுமிக்கும் பக்கத்தில் தகர டப்பா, அதன் மேல் ஒரு செம்பருத்திப் பூ.

"பூ வேற வச்சியா?" என்றார். பிறகு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது அவருக்கு. "அல்லாவே! தங்கச்சி, அது தொப்பி. வெறும் தொப்பி. எங்க வாப்பா இத மாட்டிக்கினு மீன் வாங்கப் போவாரு."

வாசலில் நின்ற பாய் அன்றைய பத்து வார்த்தையையும் எங்களுக்கே கொடுத்தார். "எனக்கு அது சின்ன சைசு. நிக்காஹ் அன்னிக்கி பூரா தலவலி. சொல்லவும் முடியல."

"இத்தினி வருஷமா சொல்லலியே!" என்று பாயம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"எங்க ஊட்டுக்காரரு மோல்டு கடைஞ்சி தரேங்கிறாரு பாயம்மா. மாப்ள தல அளவுதான் வேணும்" என்றாள் அம்மா.

அளவெடுக்க என்னைத்தான் அனுப்பினார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளை தலையைத் தொட முடியாது, சின்னப் பெண் தொட்டால் பாதகமில்லை. கும்மிடிப்பூண்டி எஸ்டிடி பூத்தில் மஞ்சள் பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர் தலையில் நான் கயிற்றைச் சுற்ற, அவர் பயந்துபோய், "இன்னா பாப்பா, கயிறெல்லாம் எடுத்துக்கினு வந்திருக்க?" என்றார். "கல்யாணத்துக்குண்ணா" என்றேன். போன் பேச வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். முடிச்சுப் போட்ட அந்தக் கயிற்றை நைனா ஸ்கேலில் வைத்து மூன்று தடவை அளந்து, சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

சூப்பர்வைசரிடம் கேட்டு, கழித்துப் போட்ட அலுமினியத் துண்டு ஒன்றை டீ டைமில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைந்து முடித்தார். அதைப் பையில் போட்டுக் கொண்டு வந்த நாளில் அவர் நடையே வேறாக இருந்தது. முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது அச்சு.

ஞாயிற்றுக்கிழமை காலை, லைன் வீட்டு அடிபம்ப்புக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டினோம். ஆறு குடித்தனமும் கூடிவிட்டது. இட்லி குண்டானில் தண்ணீர் கொதிக்க, ஆவியில் தொப்பியைச் சொம்போடு காட்டினாள் அம்மா. நனைந்து இளகியதும் சொம்பு விட்டுக்கொடுத்தது. சூடேறிய அச்சின் மேல் தொப்பியை வைத்து அம்மா ஒரு பக்கம், பாயம்மா ஒரு பக்கம், கையில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு கீழே இழுத்தார்கள். பாதி வந்ததும் நின்றுவிட்டது.

"கிழிஞ்சிடுமா?" என்று அம்மா கையை எடுத்தாள்.

"ஆவி போதல. இன்னும் காட்டு. மெதுவா, சுத்திச் சுத்தி இழுங்க" என்றார் நைனா.

மறுபடி ஆவி, மறுபடி இழுப்பு. மழைத் தூறல் விழ, யாரோ குடை பிடித்தார்கள். இரண்டு பெண்களும் ஒருவர் மூச்சு ஒருவர் முகத்தில் படக் குனிந்து, விரல் சிவக்க இழுத்துக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் போயிருக்கும். தொப்பி அச்சின் அடிவரை வந்து உட்கார்ந்தது. யாரோ கைதட்டினார்கள்.

அது பழைய தொப்பியாகிவிடவில்லை. ஒரு விரற்கடை குட்டை. மாதுளை நிறம் போய் செங்கல் நிறம். உள் பட்டைக்கு நைனா ரெக்சின் வெட்டித் தந்தார். சாயம் போன குஞ்சத்துக்குப் பதிலாக, என் சடையில் வைக்கும் கறுப்புப் பட்டுக் குஞ்சலத்தைப் பிரித்து அம்மா கட்டினாள். நான் வாயைத் திறக்கவில்லை, திறக்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை. பாயம்மா தொப்பியை மூக்கருகில் வைத்து முகர்ந்து பார்த்தார். வாப்பாவின் வாசனை போயிருந்தது. "பரவால்ல, மாப்ள வாசன வரட்டும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நிக்காஹ் பழவேற்காட்டில் நடந்தது. பெண்கள் பக்கத்துத் திரை இடுக்கில் அம்மாவும் நானும் எட்டிப் பார்த்தோம். மாப்பிள்ளை தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். அது தலையில் பொருந்தி நின்றது. அவர் ஒரு தடவையும் நெற்றியைத் தொடவில்லை, சிரித்த முகமாகவே இருந்தார். சொந்தக்காரப் பெரியவர் ஒருவர் கிட்டே வந்து பார்த்து, "நிறம் வேறயா கீதே, புதுசா? துருக்கியா, கொழும்பா?" என்று கேட்டார்.

"கவரப்பேட்ட" என்றார் பாய்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் அதற்குக் கவரப்பேட்டைத் தொப்பி என்றுதான் பெயர். சார் சொன்ன கதை எப்படி நடந்திருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

பிரியாணி முடிந்து நாங்கள் வேனில் ஏறும் நேரம். பாயம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார், கையில் தகர டப்பா.

"இந்தா தங்கச்சி."

அம்மா கையை நீட்டவில்லை. "வேணாம் பாயம்மா. ஒரு தபா பட்டது போதும்."

"புடின்னா."

"மறுபடியும் எங்கிட்டயா குடுக்கறீங்க?"

"வேற யார்கிட்ட குடுக்கறது? பத்திரமா வச்சிக்கறதுன்னா எங்க ஜனத்துல யாரு வேணா வச்சிப்பாங்க. கெட்டுப்போனா சரி பண்ணத் தெரிஞ்ச ஊடு உங்க ஊடு ஒண்ணுதான். எங்கூடப் பொறந்தவ பொண்ணு நிக்காஹ்க்கு வந்து வாங்கிக்கறேன்."

அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் கேட்டேன், என்னிடம் தரவில்லை. நைனா கேட்டார், அவரிடமும் தரவில்லை. பொன்னேரி தாண்டும் வரை டப்பா மூடியைத் தடவிக்கொண்டே வந்தாள். பிறகு நைனா பக்கம் திரும்பினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை.

"யோவ், என்னிய இன்னும் நம்பறாங்கய்யா."